தெற்கு வானத்துக்கு ஒரு மலை: வைணு பாப்புவின் வாழ்க்கை

ஓர் ஊரிலிருந்து தெற்கு வானம் எதுவரை தெரியும் என்று அறிய ஒரு கழித்தல் கணக்கு போதும். 90-லிருந்து அந்த ஊரின் வட அட்சரேகையைக் கழித்துக்கொள்ளுங்கள். வானத்து நடுக்கோட்டிலிருந்து தெற்கே அத்தனை பாகை வரை உள்ளவை மட்டுமே அந்த ஊரின் அடிவானத்துக்கு மேலே எழும். டொராண்டோவில் 46 பாகை. லண்டனில் 38 சொச்சம். நான் இருக்கும் துபாய் அல் குசைஸில் ஏறக்குறைய 65. யாழ்ப்பாணத்தில் 80. சிங்கப்பூரில் 88-க்கும் மேல். சிட்னி, மெல்பர்ன் நண்பர்களுக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. தெற்கு வானம் முழுவதும் அவர்களுக்குச் சொந்தம்.

அந்தத் தெற்கில் என்ன இருக்கிறது? நம் பால்வீதியைப் போலக் கோடிக்கணக்கான விண்மீன்கள் கூடிய காலக்ஸிகளில் நமக்கு அருகே உள்ள சில அங்கேதான் இருக்கின்றன. பெரிய மெகல்லன் மேகம் 69 பாகை தெற்கே. குறுக்கே கரும்பட்டை ஓடும் என்.ஜி.சி. 5128, அதாவது சென்டாரஸ் ஏ, 43 பாகை தெற்கே. ஃபோர்னாக்ஸ் காலக்ஸிக் கூட்டம் 35 பாகையில். இவற்றைத் தேடியவர்களில் பலர் சம்பளத்துக்கு வானம் பார்த்தவர்கள் அல்லர். ஜேம்ஸ் டன்லப் ஆஸ்திரேலியாவின் பரமட்டாவில் தானே செய்துகொண்ட தொலைநோக்கியால் 1826-இல் என்.ஜி.சி. 5128-ஐக் கண்டார். ஜான் ஹெர்ஷல் சொந்தச் செலவில் 18 அங்குலக் கண்ணாடியைக் கப்பலேற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குப் போய், 1834 முதல் 1838 வரை தங்கி, ஏறக்குறைய 1,700 நெபுலாக்களையும் விண்மீன் கொத்துகளையும் பட்டியலிட்டார்.

இந்தக் கழித்தல் கணக்கை மனத்தில் வைத்து, தமிழ்நாட்டில் ஒரு மலையைத் தேடிப் பிடித்தவர் மணலி கல்லாட் வைணு பாப்பு. இந்திய வானியலில் அவர் பெயரை அறியாதவர் இல்லை. ஆனால் வாணியம்பாடியிலிருந்து காவலூருக்குப் போகும் சாலையில் வழிகாட்டிப் பலகையில் அந்தப் பெயரைப் படித்துவிட்டுப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் கதை தெரியும் என்று சொல்ல முடியாது.

ஹைதராபாத்துப் பையன்

பாப்பு 1927 ஆகஸ்ட் 10 அன்று சென்னையில் பிறந்தார். பூர்வீகம் மலபார் கடற்கரையின் தலைச்சேரி. பெற்றோருக்கு ஒரே பிள்ளை. தந்தைக்கு ஹைதராபாத் நிஜாமியா வானாய்வுக்கூடத்தில் வேலை. வேறு பிள்ளைகளுக்குக் கோயில் பிராகாரமோ கிரிக்கெட் மைதானமோ எப்படியோ, இந்தப் பிள்ளைக்குத் தொலைநோக்கிக் கூண்டு அப்படி.

நிஜாமியா சாதாரண இடம் அல்ல. 1901-இல் நவாப் ஜாஃபர் ஜங் என்ற செல்வந்தர் வானத்தின் மேல் வைத்த ஆசையால் தொடங்கியது. பிறகு நிஜாம் அரசின் கைக்கு வந்தது. உலக நாடுகள் வானத்தைப் பங்கு போட்டுக்கொண்டு ஒளிப்படம் எடுத்த பெருந்திட்டத்தில், தெற்கே 17 முதல் 23 பாகை வரையிலான பட்டை ஹைதராபாத்தின் பங்காக வந்தது. அங்கே 15 அங்குல வில்லைத் தொலைநோக்கி ஒன்றும் இருந்தது. இந்த 15 அங்குலத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாப்புவின் வாழ்க்கையில் அதே அளவு இன்னொரு முறை வரப்போகிறது.

கல்லூரி நாட்களிலேயே அவர் ஒளிமாறும் விண்மீன்களைக் கவனித்துக் கட்டுரைகள் வெளியிட்டார். யாரும் கொடுத்த வேலை அல்ல அது. ஓர் அமெச்சூர் செய்வதைத்தான் அவரும் செய்தார்: இரவெல்லாம் விழித்து, பக்கத்து விண்மீனோடு ஒப்பிட்டு, ஒளி கூடியதா குறைந்ததா என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். இந்தியாவில் வானியலைத் தொழிலாகக் கொள்ள அப்போது கதவுகள் மிகக் குறைவு. உதவித்தொகை கிடைத்தது, 1949-இல் ஹார்வர்டு போய்ச் சேர்ந்தார்.

வால்மீனும் கால்சியம் கோடும்

போய்ச் சில மாதங்கள்கூட ஆகவில்லை. 1949 ஜூலை 2 அன்று, வழக்கமாக எடுத்த ஓர் ஒளிப்படத் தகட்டைச் சோதித்தபோது, இருக்கக்கூடாத இடத்தில் ஒரு மங்கலான கீற்று தென்பட்டது. அது புது வால்மீன். பேராசிரியர் பார்ட் போக், சக மாணவர் கார்டன் நியூகர்க் இருவரும் அதை உறுதி செய்தார்கள். பாப்பு-போக்-நியூகர்க் வால்மீன் என்று பெயராயிற்று. பசிபிக் வானியல் கழகத்தின் டோன்ஹோ பதக்கம் 22 வயது மாணவருக்குக் கிடைத்தது.

இந்த பார்ட் போக்கைக் கவனிக்க வேண்டும். நம் பால்வீதியின் அமைப்பை ஆராய்வதில் ஊறியவர். பிறகு, 1957-இல், அமெரிக்காவை விட்டு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் ஸ்ட்ராம்லோ வானாய்வுக்கூடத்துக்கு இயக்குநராகப் போனார். பால்வீதியின் மையமும் மெகல்லன் மேகங்களும் வடக்கத்திக்காரர்களுக்குச் சரியாகத் தெரியாது என்பது அந்தத் தலைமுறை வானியலாளர்களின் நிரந்தரக் குறை. ஹார்வர்டின் அட்சரேகையில் சென்டாரஸ் ஏ அடிவானத்துக்கு மேல் ஐந்து பாகைகூட ஏறாது. மரக்கிளைகளுக்குப் பின்னாலேயே வந்து போய்விடும்.

1952-இல் முனைவர் பட்டம். அடுத்து கார்னெகி ஆய்வு நல்கையில் கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன், பாலமார் தொலைநோக்கிகள். அங்கே ஓலின் வில்சனோடு சேர்ந்து செய்த வேலைதான் இன்றும் பாடப் புத்தகங்களில் அவர் பெயரை வைத்திருக்கிறது. குளிர்ந்த விண்மீன்களின் நிறமாலையில் கால்சியத்தின் ஒரு கருங்கோடு உண்டு. அந்தக் கருங்கோட்டின் நடுவே ஒரு மெல்லிய ஒளிக்கீற்று இருக்கும். விண்மீன் உண்மையில் எவ்வளவு பிரகாசமானதோ அவ்வளவு அந்தக் கீற்று அகலும் என்று இருவரும் கண்டார்கள். உண்மைப் பிரகாசம் தெரிந்தால், கண்ணுக்குத் தெரியும் பிரகாசத்தோடு ஒப்பிட்டுத் தூரத்தைச் சொல்லிவிடலாம். 1957-இல் கட்டுரையாக வந்த இதற்கு வில்சன்-பாப்பு விளைவு என்று பெயர்.

அமெரிக்காவில் அவருக்கு இடம் இருந்திருக்கும். 200 அங்குல பாலமார் தொலைநோக்கி, அன்று உலகிலேயே பெரியது, எட்டும் தூரத்தில் இருந்தது. அவர் 1953-இல் திரும்பிவிட்டார். இங்கே அவருக்காக எதுவும் காத்திருக்கவில்லை.

இடம் தேடுதல்

முதலில் உத்தரப் பிரதேசம். மாநில அரசு காசியில் 1954-இல் தொடங்கிய வானாய்வுக்கூடத்துக்கு அதே ஆண்டு இறுதியில் பொறுப்பேற்றார். கங்கைச் சமவெளியின் தூசியும் புழுக்கமும் வானியலுக்கு ஆகாது. ஓராண்டுக்குள் அதை நைனிடால் மலைக்கு மாற்றினார். மலை நல்ல மலைதான். ஆனால் 29 பாகை வடக்கு. மெகல்லன் மேகம் அங்கே எழுவதே இல்லை. சென்டாரஸ் ஏ 18 பாகை உயரத்தைக்கூடத் தொடாது.

1960-இல் கொடைக்கானல் வானாய்வுக்கூடத்தின் இயக்குநராக வந்தபோது அவருக்கு 33 வயது முடியவில்லை. கொடைக்கானல் 1899-இல் நிறுவப்பட்டது. 18-ஆம் நூற்றாண்டில் தோன்றிய சென்னை வானாய்வுக்கூடத்தின் நேர் வாரிசு. சூரியனை ஆராய்வதில் உலகப் புகழ் பெற்றது. 10 பாகை வடக்கு என்பதால் தெற்கு வானமும் தாராளம். அங்கிருந்தே கணேஷ் என்ற சக ஆய்வாளரோடு சேர்ந்து, காமா வெலோரம் என்ற தெற்கத்திய இரட்டை விண்மீன் ஒன்றையொன்று ஏறக்குறைய 78½ நாளுக்கு ஒருமுறை சுற்றுவதைக் கணக்கிட்டார். ஆனால் பகலில் சூரியனுக்குத் தோதான கொடைக்கானல், இரவில் மேகத்துக்கும் பனிமூட்டத்துக்கும் தோதானது. விண்மீன்களுக்கும் காலக்ஸிகளுக்கும் வேறு இடம் வேண்டும்.

இங்கேதான் அவர் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. வடக்கே இமயத்தின் பக்கம் போனால் உயரமும் வறண்ட காற்றும் கிடைக்கும். தெற்கு வானம் போய்விடும். தெற்கிலேயே இருந்தால் வானம் கிடைக்கும்; இரண்டு பருவமழைகளும் ஆண்டில் பாதி இரவுகளைத் தின்றுவிடும். பாப்பு தெற்கைத் தேர்ந்தார். 1960-களில் தென்னிந்திய மலைகளில் இரவு இரவாகச் சோதித்து, கடைசியில் ஜவ்வாது மலையில் காவலூரைப் பிடித்தார்கள். 12½ பாகை வடக்கு. உயரம் 725 மீட்டர்தான். சந்தன மரங்கள் நிறைந்த காடு. பக்கத்தில் பெரிய நகரம் இல்லை, ஆகவே இருட்டு உண்டு. கழித்தல் கணக்கு போட்டால் தெற்கே 77 பாகை வரை. சென்டாரஸ் ஏ 34 பாகை உயரத்துக்கு ஏறும். ஆஸ்திரேலியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் இடையில் விரிந்து கிடக்கும் தீர்க்கரேகைகளில் இப்படித் தெற்கு வானத்தை எட்டிப் பார்க்க வேறு பெரிய வானாய்வுக்கூடம் அப்போது இல்லை. சிட்னியில் விடிந்து, கேப் டவுனில் இருட்டுவதற்குள் வானத்தில் எது நடந்தாலும் பார்க்க ஆள் வேண்டுமே.

38 சென்டிமீட்டர்

காவலூருக்கு முதலில் போனது ஒரு 38 செ.மீ. தொலைநோக்கி. வாங்கியது அல்ல, கொடைக்கானலிலேயே செய்தது. 1968-இல் அதைக் கொண்டு வேலை தொடங்கியது. 38 செ.மீ. என்றால் 15 அங்குலம். தந்தை வேலை பார்த்த நிஜாமியாவின் தொலைநோக்கி அளவு. மகன் ஒரு காட்டில் தொடங்கியதும் அதே அளவில்.

இன்றைய அமெச்சூர்களுக்கும் இந்த அளவு மிகப் பழக்கமானது. மரப்பெட்டியில் பொருத்திய டாப்சோனியன் வகைத் தொலைநோக்கியில் 15 அங்குலம் என்பது பெரிய அளவு. ஆனாலும் பிரித்து ஒரு வண்டியின் பின்பக்கம் வைத்துவிடலாம். அதாவது இந்தியாவின் புகழ்பெற்ற வானாய்வுக்கூடம் தன் வாழ்க்கையைத் தொடங்கிய கருவி, இன்று ஆர்வமுள்ள ஒரு தனிமனிதரின் கைக்கு எட்டும் கருவி. இருட்டில் பழகிய கண்ணைவிட ஏறக்குறைய 3,000 மடங்கு ஒளியை அது திரட்டும்.

மங்கலான காலக்ஸியை அதில் பார்ப்பது ஒரு தனிப் பழக்கம். அரைமணி நேரம் வெளிச்சமே படாமல் கண்ணை இருட்டுக்குப் பழக்க வேண்டும். வரைபடம் பார்க்க மங்கலான சிவப்பு விளக்கு மட்டும். காலக்ஸியை நேராகப் பார்த்தால் மறைந்துவிடும். பார்வையைச் சற்றே ஓரமாக விலக்க வேண்டும், ஏனென்றால் மங்கல் ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, சுற்றிலும்தான் இருக்கின்றன. அப்படிப் பார்த்தால் 15 அங்குலத்தில் சென்டாரஸ் ஏ-யின் கரும்பட்டை தெரியும். மெசியர் 83-இன் சுருள் கைகள் லேசாக உருக்கொள்ளும். ஆனால் இவை எல்லாம் காலக்ஸி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தவை. அடிவானத்துக்கு அருகில் இருந்தால் அதன் ஒளி பல மடங்கு காற்றைக் கடந்து வர வேண்டும். மங்கலானது மேலும் மங்கும். துபாயில் சென்டாரஸ் ஏ 22 பாகை; பாலைவனத்துக்குப் போனாலும் புழுதி அடுக்குக்குள் இருந்துதான் அதைப் பிடிக்க வேண்டும். கண்ணாடியின் அளவைப் பணம் கொடுத்துக் கூட்டிக்கொள்ளலாம். அட்சரேகைக்கு விலை கிடையாது. காவலூரை பாப்பு தேர்ந்ததன் பொருள் ஒரு தொலைநோக்கியின் பின்னால் நின்றவர்களுக்குச் சட்டென்று புரியும்.

பெரிய கண்ணாடி

1971-இல் கொடைக்கானலும் காவலூரும் வானிலைத் துறையிலிருந்து பிரிந்து, இந்திய வான் இயற்பியல் நிறுவனம் என்ற தன்னாட்சி அமைப்பாயின. 1972-இல் ஜெர்மனியின் ஜெனா நகரில் செய்த 1 மீட்டர் தொலைநோக்கி காவலூர் வந்தது. வந்த ஆண்டே வியாழனின் நிலவான கானிமீட் ஒரு விண்மீனை மறைத்ததைக் கவனித்தார்கள். அந்த நிலவுக்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்பதற்கு அது தடயம் தந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்கும் நேரத்தில், கோளுக்கு வெளியேயும் ஒளி குறைந்ததைக் காவலூர் பதிவு செய்தது. அமெரிக்கர்கள் விமானத் தொலைநோக்கியில் கண்ட யுரேனஸ் வளையங்களின் கதையில் காவலூருக்கும் ஒரு பங்கு அப்படி வந்தது.

பாப்புவுக்கு அது போதவில்லை. மங்கலான காலக்ஸிகளின் ஒளியை நிறமாலையாகப் பிரிக்க இன்னும் பெரிய கண்ணாடி வேண்டும். 2.34 மீட்டர், அதாவது ஏறக்குறைய 92 அங்குலம். ஜெர்மனியிடம் இன்னொன்று கேட்டிருக்கலாம். இந்த முறை இந்தியாவிலேயே செய்வது என்று முடிவெடுத்தார். அத்தனை பெரிய கண்ணாடியை இந்த நாட்டில் அதற்கு முன் யாரும் தேய்த்தது இல்லை. மூலக் கண்ணாடி வட்டு வெளிநாட்டிலிருந்து வந்தது. அதைத் தேய்த்து மெருகேற்ற பெங்களூரில் ஒளியியல் கூடம் அமைத்தார்கள். தொலைநோக்கியின் இரும்பு உடம்பு மகாராஷ்டிரத்தின் வால்சந்த்நகர் ஆலையில் உருவாயிற்று. சர்க்கரை ஆலை, சிமெண்டு ஆலை இயந்திரங்கள் செய்த கைகள், ஒரு விண்மீனை நூலிழை பிசகாமல் பின்தொடரும் பொறியைச் செய்யக் கற்றுக்கொண்டன. பொறியியல் படித்த எனக்கு பாப்புவின் சாதனைகளில் இதுவே ஆகப் பெரியதாகத் தோன்றுகிறது. கருவியை வாங்கினால் கருவி மட்டும் வரும். செய்தால் செய்யத் தெரிந்தவர்களும் வருவார்கள். தாமதமும் சேர்ந்தே வரும்.

அந்தத் தாமதத்தின் விலையை அவரே கொடுத்தார். 1979-இல் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உலக வானியலாளர்கள் அனைவருக்கும் பொதுவான அமைப்பு அது. 1981-இல் பத்ம பூஷண். 1982 ஆகஸ்டில் கிரேக்கத்தின் பாட்ராஸ் நகரில் ஒன்றியத்தின் பொதுச்சபை கூடியபோது தலைமை தாங்க வேண்டியவர் ஜெர்மனியின் மியூனிக்கில், மருத்துவமனையில் இருந்தார். இதய அறுவை சிகிச்சை. ஆகஸ்ட் 19 அன்று, சபை அங்கே நடந்துகொண்டிருக்கும்போதே, இறந்தார். 55 வயது முடிந்து ஒன்பதே நாள். பெரிய தொலைநோக்கி அப்போது முடியவில்லை.

அவர் இல்லாமல்

வேலை நிற்கவில்லை. 1985 நவம்பர் 1 இரவு அந்தக் கண்ணாடி முதன்முதலாக விண்மீன் ஒளியைக் குவித்தது. அதே மாதம் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் அடுத்த பொதுச்சபை புது டெல்லியில் கூடியது. 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்து தொலைநோக்கியையும் வானாய்வுக்கூடத்தையும் வைணு பாப்புவின் பெயரால் நாட்டுக்கு அர்ப்பணித்தார். அப்போது ஆசியாவின் மிகப் பெரிய தொலைநோக்கிகளில் அது ஒன்று.

ஓராண்டு கழித்து, 1987 பிப்ரவரி 24 அன்று, பெரிய மெகல்லன் மேகத்தில் ஒரு விண்மீன் வெடித்த செய்தி வந்தது. ஏறக்குறைய 1,60,000 ஒளியாண்டுத் தொலைவு. வெறுங்கண்ணுக்கு எளிதாகத் தெரிந்த சூப்பர்நோவா, 1604-க்குப் பிறகு அதுதான் முதல். சிலியின் வானாய்வுக்கூடத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. நியூசிலாந்தின் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்ற அமெச்சூரும் தனியாக அதைக் கண்டார். நைனிடாலில் அது எழாது. துபாயிலும் எழாது. பாலமாரில் எழாது. காவலூரில் எழுந்தது. உச்சத்திலேயே எட்டு பாகை உயரம்தான். தலைக்கு நேர் மேலே உள்ள விண்மீனைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு காற்றின் வழியே அதன் ஒளி வர வேண்டும். ஆனால் பிப்ரவரி இறுதியில், பொழுது சாய்ந்து நன்றாக இருட்டும் நேரத்துக்குச் சரியாக அது தெற்கே உச்சத்துக்கு வந்தது. ஜவ்வாது மலையிலிருந்து அதன் நிறமாலையைப் பதிவு செய்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பத்துப் பாகை வடக்கே வேறொரு மலையை பாப்பு தேர்ந்திருந்தால் அந்தக் கட்டுரை எழுதப்பட்டிருக்காது.

பிற்காலத்தில் இதே நிறுவனம் லடாக்கின் ஹன்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில், 2 மீட்டர் தொலைநோக்கி ஒன்றை நிறுவியது. அது 2001-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. வறண்ட, தெளிந்த காற்று; காவலூரைவிட எத்தனையோ நல்ல இரவுகள். இமயத்துக்குப் போனது சரியான முடிவு என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் ஹன்லே கிட்டத்தட்ட 33 பாகை வடக்கு. அங்கே சென்டாரஸ் ஏ 14 பாகைக்கு மேல் ஏறாது. மெகல்லன் மேகம் எழவே எழாது. காவலூரைச் சுற்றியுள்ள ஊர்களும் வளர்கின்றன, விளக்குகளும் கூடுகின்றன. அந்தக் காட்டின் இருட்டு, அங்கே உள்ள கண்ணாடிகளைப் போலவே ஒரு கருவி என்பதை உள்ளூர்க்காரர்களும் அரசும் மறக்காமல் இருந்தால்தான் பாப்பு தேர்ந்த இடத்துக்குப் பயன்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் குறுங்கோள்களில் 2596-ஆம் எண்ணுள்ளது வைணு பாப்பு என்ற பெயரைத் தாங்கியிருக்கிறது. 1988-இல் காவலூரிலேயே கண்டுபிடித்த இன்னொரு குறுங்கோளுக்கு ராமானுஜன் என்று பெயர்.

மே மாத விடுமுறையில் ஊருக்குப் போகிற நண்பர்கள், மாத நடுவில் நிலவில்லாத இரவு வாய்த்தால், பத்து மணி வாக்கில் நகர வெளிச்சத்தை விட்டு விலகி ஒரு சாதாரண இருகண் நோக்கியைத் தெற்கே திருப்பிப் பாருங்கள். அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவே, சற்றுத் தாழ்வாக, ஒரு சிறிய மங்கல் திட்டு தென்படும். அதுதான் சென்டாரஸ் ஏ. ஒரு கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கிறது. முதலில் ஒன்றும் தெரியாது. கண்ணைக் கொஞ்சம் ஓரமாக விலக்கிப் பார்க்க வேண்டும்.